எடிட்டிங் டேபிளில் யார்?

ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் முடிந்து அடுத்தது வரும் வரைக்கும் ரசிகர்களுக்கு இரண்டு வேலைதான். அடுத்த பாண்ட் யார் என்று சண்டை போடுவது ஒன்று. அடுத்த டைரக்டர் யார் என்று சண்டை போடுவது இன்னொன்று. முதலாவதுக்கு லண்டனில் பந்தயக் கடைகளில் காசே கட்டுகிறார்கள். இரண்டாவது கொஞ்சம் விவரமான ஆட்களின் ஆட்டம் என்று பெயர். விவரம் என்றால் என்ன, பத்து டைரக்டர் பெயர் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

'நோ டைம் டு டை' 2021-ல் வந்தது. அதற்கப்புறம் நாலு வருடம் இந்தச் சண்டை ஓயவே இல்லை. மாதம் ஒரு தடவையாவது கிறிஸ்டோபர் நோலன் பெயரை யாராவது கிளப்பிவிடுவார்கள். 'இன்செப்ஷன்' படத்தின் பனிமலைக் காட்சியே ஒரு பழைய பாண்ட் படத்துக்கு அவர் வைத்த வணக்கம்தான், அதனால் ஆசை இருப்பது உண்மை. ஆசை இருக்கிறவர்களுக்கெல்லாம் அந்த நாற்காலி கிடைத்ததில்லை. ஸ்பீல்பெர்க் எழுபதுகளிலேயே கேட்டுப் பார்த்து, கிடைக்காமல், இண்டியானா ஜோன்ஸ் பக்கம் போனார். பிற்பாடு அந்த இண்டியானாவுக்கு அப்பாவாக முதல் பாண்ட் ஷான் கானரியையே கூப்பிட்டு நடிக்க வைத்தது தனிக் கணக்கு. டாரன்டினோ 'கசினோ ராயல்' நாவலைத் தானே எடுக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படம் 2006-ல் மார்ட்டின் கேம்பல் கைக்குப் போனது.

2025 பிப்ரவரியில் நிலைமை தலைகீழானது. அறுபது வருடத்துக்கு மேல் படங்களைக் கையில் வைத்திருந்த ப்ராக்கலி குடும்பம், படைப்பு விஷயத்தில் இனி முடிவெடுக்கும் உரிமையை அமேசானிடம் கொடுத்துவிட்டது. அன்றைக்கே ஜெஃப் பெசோஸ், அடுத்த பாண்டாக யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று ஊரைப் பார்த்துக் கேட்டுவிட்டார். முதலாளியே ரசிகர்களோடு சேர்ந்து வேடிக்கை பார்த்தால் கேட்க வேண்டுமா! மார்ச்சில் ஏமி பாஸ்கல், டேவிட் ஹேமன் இருவரும் தயாரிப்பாளர்கள் என்று வந்தது. ஜூன் 25 அன்று டைரக்டர் பெயரும் வந்துவிட்டது: டெனி வில்நெவ். ஜூலைக் கடைசியில் எழுத்துக்கு ஸ்டீவன் நைட்.

நான் சாலிகிராமத்தில் சீரியல் எடிட் பண்ணுகிறவன். மருமகள் கதவைத் திறந்தால் மாமியார் முகத்தை மூன்று கோணத்தில் காட்டி, மூன்றுக்கும் ஒரு 'டொய்ங்' போடுவது என் தொழில். யாரும் சிரிக்க வேண்டாம், அதிலும் கணக்கு இருக்கிறது. ஜூன் 25-ஐ ஒட்டி எங்கள் ரூமில் அசிஸ்டெண்ட் பையன் துள்ளிக் குதித்தான்.

"அண்ணே, வில்நெவ்வாம்ணே! டூன் எடுத்தவர். இனிமே பாண்ட் வேற லெவல்ணே."

"சரிடா. எடிட்டர் யாரு?"

"அதெல்லாம் இன்னும் போடலண்ணே. யாரா இருந்தா என்னண்ணே?"

யாராக இருந்தால் என்ன என்று அவன் கேட்டதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பாண்ட் படங்களைப் பொறுத்தவரை டைரக்டர் பெயரை வைத்துப் படம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. டேபிளில் யார் உட்காருகிறார்கள், செகண்ட் யூனிட்டை யார் எடுக்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள், நான் பாதிப் படத்தைச் சொல்லிவிடுகிறேன்.

செகண்ட் யூனிட் என்றால் நம்ம ஊரில் பாதிப் பேர் மலைக்கோயிலையும் சூரிய உதயத்தையும் எடுத்து வரும் டீம் என்று நினைக்கிறார்கள். பாண்டில் அப்படி இல்லை. டைரக்டர் ஒரு பக்கம் எடுக்க, இன்னொரு பக்கம் தனியாகப் படம்பிடிக்கிற டீம் அது. கார் பறப்பது, படகு தாவுவது, ஆள் மலையிலிருந்து குதிப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. 'தி வேர்ல்ட் இஸ் நாட் எனஃப்' தொடக்கத்தில் தேம்ஸ் ஆற்றில் ஒரு படகுத் துரத்தல் வருமே, அதை வைத்து டைரக்டர் மைக்கேல் ஆப்டெட்டைப் பாராட்டினவர்கள் உண்டு. செகண்ட் யூனிட்டை நடத்தியவர் விக் ஆம்ஸ்ட்ராங், ஸ்டண்ட் உலகத்திலிருந்து வந்த மனுஷர்.

இன்னும் நல்ல உதாரணம் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்', 2008. டைரக்டர் மார்க் ஃபோர்ஸ்டர். 'ஃபைண்டிங் நெவர்லேண்ட்' மாதிரி மென்மையான படங்கள் எடுத்தவர். பெயரை மட்டும் பார்த்தால் மெதுவாக, உள்ளுக்குள் அழுகிற ஒரு பாண்டை எதிர்பார்க்கலாம். வந்தது என்ன? கார்டா ஏரிக்கரையில் கார் துரத்தல், எது யார் கார் என்று புரிவதற்குள் முடிந்துவிடுகிறது. சியன்னாவில் கூரை மேல் ஓட்டம், கண்ணைச் சிமிட்டினால் நாலு ஷாட் போய்விடும். பாண்ட் படங்களிலேயே நீளம் குறைந்தது அதுதான், 106 நிமிடம். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். செகண்ட் யூனிட்டில் டான் பிராட்லி, எடிட்டர்கள் இருவரில் ஒருவர் ரிச்சர்ட் பியர்சன். இரண்டு பேருமே, தடதடவென்று வெட்டுவதற்குப் பேர்போன ஜேசன் போர்ன் உளவாளிப் படங்களில் வேலை பார்த்தவர்கள். எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு அப்போது, கதை பாதியில் நின்றது. சண்டையை எடுத்தவரும் வெட்டியவரும் தங்களுக்குத் தெரிந்த தாளத்தில் படத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். ஃபோர்ஸ்டரைத் திட்டினவர்கள் தப்பான விலாசத்துக்குக் கடிதம் போட்டார்கள் என்பேன்.

இது புது விஷயமும் இல்லை. முதல் பாண்ட் படத்திலிருந்தே இப்படித்தான். அறுபதுகளின் முதல் படங்களுக்கு எடிட்டர் பீட்டர் ஹண்ட். ஆள் எழுந்து, நடந்து, கதவைத் திறந்து, உள்ளே போவதை எல்லாம் அந்தக் காலத்தில் முழுசாகக் காட்டுவார்கள். ஹண்ட் நடுவில் இருந்ததைத் தூக்கி எறிந்தார். பாண்ட் இங்கே நிற்கிறார், வெட்டு, அங்கே இருக்கிறார். 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தில் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் பெட்டிக்குள் கானரியும் ராபர்ட் ஷாவும் மோதும் சண்டையை நான் புதுப் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவதுண்டு. இசை கிடையாது, ரயில் சத்தம் மட்டும். விளக்கு உடைந்து பெட்டி முழுக்க நீல இருட்டு. இரண்டு பெரிய உடம்புகளுக்குக் கை நீட்டக்கூட இடம் இல்லாத சந்து அது. யார் எந்தப் பக்கம் என்று ஒரு நொடிகூட நமக்குக் குழப்பம் வராது, ஆனால் மூச்சு முட்டும். வேகமாக வெட்டுவது பெரிய வித்தையில்லை. வேகமாக வெட்டியும் புரிய வைப்பதுதான் வித்தை.

அந்த ஹண்ட்டைத்தான் 1969-ல் 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்துக்கு டைரக்டர் ஆக்கினார்கள். அவர் தன் பங்குக்கு ஜான் க்ளென் என்பவரை எடிட்டராகவும் செகண்ட் யூனிட்டுக்கும் வைத்துக்கொண்டார். நோலன் வணக்கம் வைத்ததாகச் சொன்னேனே, அது இந்தப் படத்துக்குத்தான்.

ஜான் க்ளென்னைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். எடிட்டர் ஆயிற்றே! 1976-ல் 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்துக்காக ஒரு சின்னக் கூட்டத்தோடு கனடாவின் வட கோடியில், பாஃபின் தீவில் உள்ள ஆஸ்கார்ட் மலைக்குப் போனார். ரிக் சில்வெஸ்டர் என்ற வீரர் பனிச்சறுக்கில் வந்து, மலை விளிம்பைத் தாண்டி, அந்தரத்தில் விழ வேண்டும். காற்று ஒத்துழைக்க வேண்டும், மேகம் விலக வேண்டும். காத்துக் கிடந்தார்கள். கடைசியில் குதித்தபோது, வைத்திருந்த கேமராக்களில் ஒன்றே ஒன்றுதான் அவரை ஒழுங்காகப் பின்தொடர்ந்தது. கழன்று விழுந்த பனிச்சறுக்குப் பலகை ஒன்று, விரிகிற பாராசூட்டை உரசிக்கொண்டு போவதைப் படத்திலேயே பார்க்கலாம். இன்னொரு டேக் என்ற பேச்சுக்கே இடமில்லை.

க்ளென் அதை டேபிளில் என்ன பண்ணினார் தெரியுமா? ஒன்றும் பண்ணவில்லை. ஷாட்டை விட்டுவிட்டார். அதுவரை தடதடவென்று ஓடிய இசை நின்றுவிடுகிறது. ஆள் விழுகிறார், விழுந்துகொண்டே இருக்கிறார், விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அப்புறம்தான் பிரிட்டிஷ் கொடி போட்ட பாராசூட் விரிகிறது. நானாக இருந்தால் நடுவில் வில்லன் முகத்தை ஒரு தடவையாவது சொருகியிருப்பேன். படத்தின் டைரக்டர் லூயிஸ் கில்பர்ட், நல்ல டைரக்டர்தான். ஆனால் அந்தப் படத்தைச் சொன்னால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது க்ளென் எடுத்து, க்ளென்னே வெட்டிய அந்த ஒரு ஷாட்.

1981 முதல் 1989 வரை அடுத்தடுத்து ஐந்து படங்களை க்ளென்னே டைரக்ட் பண்ணினார். அதிக பாண்ட் படங்களை இயக்கிய ஆள் இன்றைக்கும் அவர்தான். 1983-ல் வந்த 'ஆக்டோபஸி'யில் நம்ம சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் வருவார், பாண்டின் இந்தியக் கூட்டாளியாக. அந்த இந்தியா பாம்பாட்டியும் தீக்குழியுமாக ஒரு சுற்றுலா போஸ்டர், அதை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் உதய்பூர் ஆட்டோ துரத்தலை மட்டும் பாருங்கள். அமிர்தராஜ் டென்னிஸ் ராக்கெட்டால் எதிராளியை அடிக்கிறார். உடனே ஒரு வெட்டு: தெருவில் நிற்கிற கூட்டம் மொத்தமும் டென்னிஸ் மேட்ச் பார்ப்பது மாதிரி தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்புகிறது. வசனத்தில் இல்லாத ஜோக் அது. டேபிளில் உட்கார்ந்து பழகினவனுக்குத்தான் ஷூட்டிங்கிலேயே இந்த ரியாக்‌ஷன் ஷாட் தேவைப்படும் என்று தோன்றும்.

சரி, வில்நெவ்வுக்கு வருவோம். எனக்கு அவர் மேல் குறை ஒன்றும் இல்லை. அப்பாவோடு உட்கார்ந்து, கானரியின் 'டாக்டர் நோ'விலிருந்து பாண்ட் பார்த்து வளர்ந்தவன் என்று அறிவிப்பின்போது சொன்னார், நம்புகிறேன். 'சிக்காரியோ'வில் ஒரு காட்சி: மெக்சிகோவிலிருந்து திரும்பும் அதிகாரிகளின் வண்டிகள் எல்லைப் பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும். ஒரு துரத்தல் கிடையாது. வண்டி நகரவே இல்லை. பக்கத்து வரிசைக் காரில் சிலர். அவர்கள் பார்க்கிறார்கள், இவர்கள் பார்க்கிறார்கள். காத்திருப்புதான் காட்சி, துப்பாக்கி வெடிப்பது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. உளவாளிக் கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தப் படத்தை வெட்டியவர் ஜோ வாக்கர். 'அரைவல்', 'பிளேடு ரன்னர் 2049', இரண்டு 'டூன்' படங்களும் அவர்தான். முதல் 'டூன்' அவருக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்று தெரிந்த மனுஷர். வில்நெவ்வின் நிதானம் என்று நாம் மெச்சிக்கொள்வதில் பாதி இவர் கைங்கர்யம் என்பது என் கட்சி. அவர் வருகிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் ஹீரோ பெயரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள்.

எனக்கு இருக்கிற பயம் வேறு. வில்நெவ்வின் படங்களில் யாராவது சிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பாண்ட் என்றால் செத்துப் பிழைத்து வந்து கஃப் பட்டனைச் சரிசெய்கிறவன். 'ஸ்கைஃபால்' படத்தில் ரயில் பெட்டியைப் பொக்லைன் பிய்க்க, பாண்ட் உள்ளே குதித்து, சட்டைக் கஃப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பார். ஒரு நொடி. அதை அரை நொடி கூட்டினால் விளம்பரம், குறைத்தால் கண்ணில் படாது. எடிட்டர் ஸ்டூவர்ட் பேர்ட், 'கசினோ ராயல்' வெட்டியவரும் அவர்தான். சாம் மெண்டிஸ் மாதிரி நாடக மேடையிலிருந்து வந்த சீரியஸான ஆள் எடுத்த படத்தில் பாண்டின் குறும்பு உயிரோடு இருந்ததற்கு, பழைய மாதிரி ஆக்‌ஷன் படம் வெட்டிப் பழகிய ஒரு கை டேபிளில் இருந்தது ஒரு காரணம். ஸ்டீவன் நைட்டும் இருட்டுப் பேர்வழிதான். அவர் எழுதிய 'பீக்கி ப்ளைண்டர்ஸ்' சீரியல் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். டைரக்டரும் ரைட்டரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் யார்தான் கஃப் பட்டனைச் சரிசெய்வது?

முன்பெல்லாம் இந்தக் கவலை குறைவு. ப்ராக்கலி குடும்பம் இருந்தது. டைரக்டர் வருவார், போவார்; எது பாண்ட், எது பாண்ட் இல்லை என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒத்துவரவில்லை என்றால் ஆஸ்கர் வாங்கிய டேனி பாயிலாக இருந்தாலும் 2018 ஆகஸ்டில் கிளம்ப வேண்டியதுதான். அடுத்த மாதமே கேரி ஃபுகுனாகா வந்துவிட்டார். செகண்ட் யூனிட், ஸ்டண்ட், எஃபெக்ட்ஸ் ஆட்களில் பலர் படத்துக்குப் படம் தொடர்ந்து வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் புது முதலாளியிடம் மிச்சம் இருப்பார்கள் என்பதுதான் எனக்கு வேண்டிய செய்தி.

அசிஸ்டெண்ட்டிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்போ நீங்க யாரைண்ணே போடுவீங்க?"

டேபிளில் ஜோ வாக்கர். செகண்ட் யூனிட்டுக்கு, 'கசினோ ராயல்' 'ஸ்கைஃபால்' இரண்டிலும் அந்த வேலையைப் பார்த்த அலெக்சாண்டர் விட். ஜோக்குக்கு மட்டும் தனியாக ஒரு ஆள், ரகசியமாக. இதைச் சொன்னதும் அவன் போனை எடுத்து அலெக்சாண்டர் விட் யார் என்று தேட ஆரம்பித்தான். ஒரு நிமிடத்தில் நிமிர்ந்து, "ஹீரோவுக்குப் புதுசா ஒரு பேர் அடிபடுதுண்ணே" என்றான்.