நடைபாதையில் 35 அடி: கருக்கலைப்பு விவாதமும் கிறிஸ்தவர்களின் பேச்சுரிமையும்

அமெரிக்காவில் கருக்கலைப்பைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு உயிர், பாவம், மனசாட்சி என்று போகும். நீதிமன்றங்களில் அதே சண்டை அடிக்கணக்கில் நடந்தது: 8 அடி, 15 அடி, 35 அடி, 100 அடி. கருக்கலைப்பு கிளினிக் வாசலிலிருந்து எவ்வளவு தள்ளி நின்று, யாரிடம், எந்த விதத்தில் பேசலாம் என்பதே கேள்வி. கருவிலிருக்கும் உயிரைக் காக்க வேண்டும் என்று நம்புகிறவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். அந்த நம்பிக்கையோடு வாசலில் போய் நிற்கிற பலருக்குச் சட்டம் எதைத் தடுக்கிறது, எதைக் காக்கிறது என்பது சரியாகத் தெரிவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கதையே போதும். 1994 டிசம்பர் 30-ம் தேதி, பாஸ்டனை ஒட்டிய புரூக்ளைன் ஊரில் ஒருவன் இரண்டு கிளினிக்குகளுக்குள் துப்பாக்கியோடு புகுந்து வரவேற்பு மேசையில் இருந்த இரண்டு பெண்களைக் கொன்றான். ஐந்து பேர் காயமடைந்தார்கள். பாஸ்டன் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் பெர்னார்ட் லா, கிளினிக் வாசல்களில் நடக்கும் போராட்டங்களைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டார். இரு தரப்பிலிருந்தும் மும்மூன்று பேராக ஆறு பெண் தலைவர்கள் ரகசியமாகச் சந்தித்துப் பேசத் தொடங்கி, ஐந்தரை வருடத்துக்கு மேல் தொடர்ந்தார்கள். 2001 ஜனவரியில்தான் அதை வெளியே சொன்னார்கள். அந்த அறையில் பாஸ்டன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் உயிர்காப்புப் பணியைக் கவனித்தவர் ஒரு பக்கம் இருந்தார். பெண்ணின் தேர்வை ஆதரித்த எபிஸ்கோப்பல் சபைக் குரு ஒருவர் மறுபக்கம் இருந்தார். இருவரும் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்குப் போகிறவர்கள்தான்.

சட்டமன்றம் 2000-ல் ஒரு சட்டம் போட்டது. வாசலைச் சுற்றி 18 அடிக்குள் யாரையும் அவர் சம்மதமில்லாமல் 6 அடிக்குள் நெருங்கிப் பேசவோ துண்டுப்பிரசுரம் கொடுக்கவோ கூடாது. நடக்கிற ஆளோடு கூடவே நகருகிற வளையம் இது. இருவரும் அசைந்துகொண்டிருக்கையில் 6 அடியை எப்படி அளப்பது? அவள் தலையசைத்தது சம்மதமா, இல்லையா? நடைமுறைப்படுத்த முடியவில்லை என்று போலீசார் சொன்னார்கள். அதனால் 2007-ல் வளையத்தை அசையாததாக மாற்றினார்கள். வாசலிலிருந்தும் கார் நுழையும் வழியிலிருந்தும் 35 அடிக்கு நடைபாதையில் பெயிண்டால் கோடு போடப்பட்டது. கோட்டுக்குள் தெரிந்தே நுழைந்தாலோ நின்றாலோ குற்றம். முதல் தடவைக்கு 500 டாலர் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை.

இங்கே நுணுக்கமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சட்டம் பேச்சைத் தடை செய்யவே இல்லை, நிற்பதைத்தான் தடை செய்தது. கைகூப்பி மௌனமாக ஜெபித்தாலும் குற்றம், கிரிக்கெட் ஸ்கோர் பேசிக்கொண்டு நின்றாலும் குற்றம். விதிவிலக்கு நான்கு வகையினருக்கு: கிளினிக்குக்கு வந்து போகிறவர்கள், வேலை நிமித்தமாக நிற்கும் அதன் ஊழியர்கள், போலீஸ் ஆம்புலன்ஸ் போன்ற பணியாளர்கள், வேறு இடத்துக்குப் போகும் வழியில் கடந்து செல்கிறவர்கள்.

எழுபது வயதைத் தாண்டிய எலினர் மெக்கல்லன் என்ற பெண்மணியும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். கோஷம் போடுவதோ ரத்தப் படம் பிடித்து நிற்பதோ அவர்கள் வழி அல்ல. வருகிற பெண்ணின் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், உதவி வேண்டுமா என்று கேட்பதுதான் அவர்கள் வேலை. 35 அடியைச் சாதாரண நடையில் எட்டொன்பது விநாடியில் கடந்துவிடலாம். கோட்டருகே வந்ததும் மெக்கல்லன் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும். பாஸ்டன் காமன்வெல்த் அவென்யூ கிளினிக்கின் முன்னால் மட்டும் 56 அடி நீள நடைபாதை அவருக்கு மூடப்பட்டிருந்தது. உஸ்டரிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் வருகிறவர்கள் பெரும்பாலும் காரிலேயே உள்ளே போய்விடுவதால், கார் திரும்பும் இடத்தில் நின்று ஒரு தாளை நீட்டக்கூட வழியில்லை.

2014 ஜூன் 26-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். மெக்கல்லன் எதிர் கோக்லி வழக்கு. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸோடு கின்ஸ்பர்க், பிரையர், சோட்டோமேயர், கேகன் ஆகிய நால்வரும் சேர்ந்தார்கள். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த அதே நால்வர். இதைச் சபைகளில் யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். சட்டம் ஒரு கருத்தைக் குறிவைக்கவில்லை என்பதை ராபர்ட்ஸ் ஏற்றுக்கொண்டார் (ஸ்காலியா உள்ளிட்ட நால்வர் அதை ஏற்கவில்லை). ஆனால் தேவைக்கு மிஞ்சிப் பேச்சை அடைக்கிறது என்றார். நெரிசல் என்று அரசு காட்டிய சான்று முக்கியமாக ஒரே ஒரு கிளினிக்கில், சனிக்கிழமைக் காலைகளில் நடந்ததைப் பற்றியது. வழிமறித்தலுக்கு ஏற்கெனவே இருந்த சட்டங்களின் கீழ் 17 வருடமாக ஒரு வழக்கு நடத்தியதாகக்கூட அரசால் காட்ட முடியவில்லை. சின்னக் கருவியை எடுத்துப் பார்க்காமலே பெரிய கருவியைத் தூக்கியது ஏன் என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி.

தாழ்ந்த குரலுக்கு உரிய தூரம் வேறு, கோஷத்துக்கு உரிய தூரம் வேறு என்பதைத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1 பேதுரு 3:15 "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொல்கிறது. 35 அடிக்கு அப்பாலிருந்து சாந்தமாகப் பேச முடியாது. வாசலில் மெகாஃபோன் பிடிப்பவர்களால்தான் இந்தச் சட்டங்களே பிறந்தன, அடி வாங்கியது தாழ்ந்த குரலில் பேசியவர்கள்.

சில வாரங்களில், 2014 ஜூலையிலேயே, மாநிலம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. வாசலை மறித்த ஆளையோ கூட்டத்தையோ போலீஸ் எழுத்து மூலம் விலகச் சொல்லலாம். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் 8 மணி நேரத்துக்கு அல்லது கிளினிக் மூடும் வரைக்கும் 25 அடி தள்ளி நிற்க வேண்டும். மறித்தவருக்கு மட்டும் தடை, மற்றவர்கள் பேசலாம். இதுவே முதலில் செய்திருக்க வேண்டியது.

மெக்கல்லன் தீர்ப்பு வந்ததால் எல்லா ஊரிலும் வளையம் ஒழிந்துவிட்டது என்று நினைத்துப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கொலராடோவின் 1993-ம் வருடச் சட்டத்தை 2000-ல் ஹில் வழக்கில் 6-3 என்று நீதிமன்றம் ஏற்றது. அந்தத் தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை. 2025 பிப்ரவரியில் இலினாயின் கார்பண்டேல் நகர வழக்கில் அதைத் திரும்பப் பார்க்கச் சொன்னபோது நீதிமன்றம் மறுத்தது. நீதிபதிகள் தாமஸும் அலிட்டோவும் மட்டும் எடுத்துக்கொள்ள விரும்பினார்கள். ஹில் விதி இது: மருத்துவ இடத்தின் வாசலிலிருந்து 100 அடிக்குள், சம்மதமில்லாமல், பிரசுரம் கொடுக்கவோ பதாகை காட்டவோ எதிர்ப்பு, போதனை, ஆலோசனை சொல்லவோ ஒருவரை 8 அடிக்குள் தெரிந்தே நெருங்கக் கூடாது. "நெருங்க" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் அசையாமல் நின்று, அவர் உங்களைக் கடந்து போனால் மீறல் இல்லை. பாதையோரம் நின்று பிரசுரத்தை நீட்டலாம், வேண்டாமென்றால் அவர் போய்விடுவார். அவர் பின்னால் இரண்டு எட்டு வைத்தால் மீறல்.

ஆகவே போகும் முன் பார்க்க வேண்டியவை: நிற்கிற இடம் பொது நடைபாதையா, கிளினிக்கின் சொந்த நிலமா (கார் நிறுத்துமிடம் பெரும்பாலும் அவர்களுடையது, அங்கே பேச்சுரிமை வாதம் எடுபடாது), அந்த ஊரில் வளையச் சட்டம் உண்டா, உங்கள் அமைப்பின் மேல் நீதிமன்றத் தடையாணை ஏதும் இருக்கிறதா, ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டுமா. தடையாணைக்கு அளவுகோலே வேறு. 1994-ல் ஃபுளோரிடா வழக்கொன்றில் வாசலைச் சுற்றி 36 அடித் தடையை நீதிமன்றம் ஏற்றது, 300 அடிக்குள் யாரையும் அணுகக் கூடாது என்ற தடையைத் தள்ளியது. 1997-ல் நியூயார்க் வழக்கில் வாசலைச் சுற்றிய 15 அடி நின்றது, ஆளோடு நகர்ந்த 15 அடி விழுந்தது.

மறிப்பது வேறு விஷயம். 1994-ம் வருடத்து கிளினிக் நுழைவுப் பாதுகாப்புச் சட்டம் வன்முறை, மிரட்டல், வழிமறித்தல் மூன்றையும் தண்டிக்கிறது. வன்முறையில்லாத மறிப்புக்கு முதல் தடவை ஆறு மாதம்தான் உச்சம். வாஷிங்டனில் 2020 அக்டோபரில் சங்கிலியும் கயிறும் கட்டி வாசலை அடைத்தவர்களுக்கு வருடக்கணக்கில் தண்டனை வந்ததற்குக் காரணம், உரிமைக்கு எதிரான கூட்டுச்சதி என்ற பழைய சட்டத்தையும் சேர்த்துப் போட்டதுதான். 2025 ஜனவரியில் டிரம்ப் இப்படிப்பட்ட 23 பேருக்கு மன்னிப்பு அளித்தார். அந்த நுழைவுப் பாதுகாப்புச் சட்டமே தேவாலயங்களையும், கருக்கலைப்புக்கு மாற்று வழி சொல்லும் கர்ப்பகால உதவி மையங்களையும் காக்கிறது என்பதை மறந்துவிட்டு அதை ஒழிக்கச் சொல்கிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஃபுளோரிடாவில் அந்த மையங்களின் சுவரில் மிரட்டல் எழுதியவர்கள்மேல் 2023-ல் வழக்குப் போட்டதும் இதன்கீழ்தான்.

பிரிட்டனில் நிலைமை கடினம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 31 முதல் 150 மீட்டர், ஸ்காட்லாந்தில் 200 மீட்டர். முடிவின் மேல் "செல்வாக்குச் செலுத்துவதே" குற்றம் என்பதால், மனதுக்குள் ஜெபித்தவரும் நீதிமன்றம் போக நேர்ந்திருக்கிறது. உள்ளூர்த் தடையாணையை மீறியதாக போர்ன்மத்தில் முன்னாள் ராணுவ வீரர் ஒருவருக்கு 2024-ல் நிபந்தனை விடுதலையும் 9,000 பவுண்டு வழக்குச் செலவும் விதித்தார்கள். ஜெபத்தின் உள்ளடக்கத்தை போலீஸ் விசாரிக்கும் நிலை எந்தச் சபைக்கும் நல்லதல்ல.

கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசியதும் கிடையாது. முதல் நூற்றாண்டுகளின் டிடகே என்ற கிறிஸ்தவப் போதனை நூல் கருவை அழிப்பதை நேராகத் தடுக்கிறது. கத்தோலிக்க சபை அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. தெற்கு பாப்டிஸ்டுகள் 1971-ல் பலாத்காரம், கருவின் கடும் ஊனம், தாயின் உடல்நலம் மனநலம் போன்ற காரணங்களுக்குச் சட்டம் இடம் தரலாம் என்று தீர்மானம் போட்டு, 2003-ல் அதற்காக வருந்தினார்கள். 1967-ல் நியூயார்க்கில் 21 மதகுருமார் சேர்ந்து கருக்கலைப்பு நாடிய பெண்களுக்கு வழிகாட்டும் சேவையே தொடங்கினார்கள். ஆக ஒரு கருத்தை அடைக்கும் சட்டம் எப்போதும் யாரோ ஒரு கிறிஸ்தவரின் வாயையும் அடைக்கிறது.

2018-ல் கலிபோர்னியா வழக்கில் கர்ப்பகால உதவி மையங்களுக்கு 5-4 என்று வெற்றி கிடைத்தது. உரிமம் பெற்ற மையங்கள் அரசு தரும் கருக்கலைப்பு வசதியைப் பற்றி அறிவிப்பு வைக்க வேண்டும். உரிமமில்லாதவை 48 புள்ளி அளவுள்ள பெரிய எழுத்தில், சில இடங்களில் 13 மொழிகளில், தங்களிடம் உரிமமில்லை என்று போட வேண்டும் என்றது அந்த மாநிலச் சட்டம். வாயை அடைப்பது போலவே, வாயில் வார்த்தையைத் திணிப்பதும் தவறு என்று வாதாடி ஜெயித்தார்கள். கருக்கலைப்பைப் பற்றிய பேச்சுரிமைக்கு 1975-லேயே ஒரு முன்னோடித் தீர்ப்பு இருக்கிறது. நியூயார்க்கில் கருக்கலைப்பு சட்டப்படி நடக்கிறது என்ற விளம்பரத்தை வர்ஜீனியப் பத்திரிகை ஒன்று போட்டதற்காக அதன் ஆசிரியருக்குக் கிடைத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 7-2 என்று ரத்து செய்தது. இன்னொரு மாநிலத்தில் சட்டப்படி நடப்பதைச் சொல்வது குற்றமாகாது.

இன்று சோதனை மறுபக்கம், கருக்கலைப்பை ஆதரித்துப் பேசுகிறவர்களுக்கு, வந்திருக்கிறது. ஐடஹோவின் லூயிஸ்டன் ஊரில் அரசுக் கல்லூரி ஒன்று 2023-ல், பொதுப்பணத்தில் கருக்கலைப்பை ஊக்குவிக்கக் கூடாது என்ற மாநிலச் சட்டத்தைக் காட்டிக் கண்காட்சியிலிருந்து சில படைப்புகளை அகற்றியது. அலபாமாவில் கருக்கலைப்புக்காக வெளிமாநிலம் போகப் பெண்களுக்கு உதவுகிறவர்கள்மேல் சதி வழக்குப் போடுவேன் என்று தலைமை வழக்கறிஞர் சொல்லியிருந்தார். 2025 மார்ச் 31-ம் தேதி நீதிபதி மைரன் தாம்ப்சன், அது பயண உரிமைக்கும் பேச்சுரிமைக்கும் விரோதம் என்று தீர்ப்பளித்தார். மெக்கல்லன் தீர்ப்பை மேடையில் வாசித்துக் கொண்டாடிய சபைகள் இதையும் வாசிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அடுத்த தடவை அவர்களுடைய வழக்கறிஞர் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டப்போவது இந்த வகைத் தீர்ப்புகளைத்தான்.