மருதூர் முதல் மேட்டுக்குப்பம் வரை: வள்ளலார் வாழ்ந்த இடங்கள்

வடலூர் போகிறவர்களில் பலர் சத்திய ஞான சபையை வலம்வந்து, தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் மருதூர், கருங்குழி, மேட்டுக்குப்பம் மூன்றும் விட்டுப்போகின்றன. வள்ளலார் பெருமான் வாழ்ந்த வரிசையிலேயே போய்வந்தால் ஒரே பகலில் நான்கையும் தரிசிக்கலாம். வடலூரில் ரயில் நிலையம் உண்டு. சென்னை–கும்பகோணம் சாலையும் ஊர் வழியாகவே செல்கிறது. மற்ற மூன்று ஊர்களுக்கும் வடலூரில் ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது.

முதலில் மருதூர். 5-10-1823 அன்று இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகனாக, பின்னாளில் வள்ளலார் என்று போற்றப்பட்ட இராமலிங்கர் பிறந்த இடம். இங்கே கொஞ்ச நேரம் அமர்ந்து, அவர் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவலைப் படித்துவிட்டுக் கிளம்பலாம்.

கருங்குழிக்கு நேரம் ஒதுக்குங்கள். சென்னை ஏழுகிணறு வீராசாமி தெரு வீட்டை விட்டு வந்தபின், 1867 வரை பெருமான் தங்கியது இங்கே வேங்கட ரெட்டியார் இல்லத்தில்தான். எண்ணெய்க் கலயம் உடைந்துபோக, ரெட்டியாரின் மனைவி முத்தியாலம்மாள் புதுக் கலயத்தைப் பழக்குவதற்காக நீர் நிரப்பி வைத்திருந்தார். இரவில் எழுதிக்கொண்டிருந்த பெருமான் எண்ணெய் என்று எண்ணி அதை வார்க்க, விளக்கு விடியும்வரை எரிந்தது என்பது அவருடைய சன்மார்க்க நெறியைப் பின்பற்றும் அன்பர்கள் போற்றும் வரலாறு. பெருமான் தம் பாடல்களை அச்சிடத் தரும்வரை ஒருவேளைதான் உண்பேன் என்று இறுக்கம் இரத்தின முதலியார் உறுதி பூண்டதும் இக்காலத்தில்தான். அந்த அன்பின் பிடிவாதத்தால் 1867இல் அப்பாடல்களின் தொகுப்பான திருவருட்பா அச்சேறியது. இது கோயிலல்ல, வீடு. பகலில் போய், அமைதியாகக் கும்பிட்டு வருவதே முறை.

அடுத்து வடலூர். 23-5-1867 அன்று தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சமையல் முடிந்த பிறகும் தணல் காக்கப்படுகிறது. யார் வந்தாலும் சாதி, மதம் கேட்காமல் உணவு உண்டு. அரிசி, பருப்பு, காய்கறி கொண்டுபோனால் இங்கே கொடுங்கள்.

சபைக்குத் தேங்காய், பழத்தட்டு வாங்கிப் போவது வீண். அங்கே ஜோதி வழிபாடு ஒன்றே. பார்வதிபுரத்து மக்கள் அளித்த நிலத்தில் எண்கோணமாக, தெற்கு நோக்கி எழுந்து, 25-1-1872 தைப்பூசத்தில் முதல் தரிசனம் கண்டது இது. கொலை, புலை (புலால் உண்ணுதல்) தவிர்த்தவரே உட்புக வேண்டும் என்பது பெருமான் வைத்த நிபந்தனை. ஜோதிக்கு முன் கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு திரைகள். ஏழும் விலகுவது தைப்பூசத்தில் மட்டும். மாதப் பூசத்தன்று இரவில் ஆறு திரை விலகும். இது தெரியாமல் சாதாரண நாளில் ஜோதி காண வந்து ஏமாறுவோர் உண்டு. பஞ்சாங்கத்தில் பூசம் பார்த்துப் பயணத்தை முடிவுசெய்யுங்கள். நட்சத்திரம் இரண்டு தேதிகளில் பரவும் மாதத்தில், எந்த இரவு தரிசனம் என்று சபையில் கேட்டுவிடுவது நலம். முழுத் தரிசனம் சில நொடிகளே. தெற்கு வாசலுக்கு நேர் எதிரே முன்கூட்டியே இடம்பிடித்தால்தான் கண்ணில் படும். பக்கவாட்டில் நின்றால் முன்னால் நிற்பவர்களின் தலைதான் தெரியும்.

நிறைவாக மேட்டுக்குப்பம். சென்னையிலும் அதே பெயரில் ஓர் ஊர் இருப்பதால், செல்பேசி வரைபடத்தில் பெருமான் இங்கே தங்கியிருந்த மாளிகையின் பெயரான ‘சித்தி வளாகம்’ என்று தேடுங்கள். 1596 அடி கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவல் 1872இல் எழுதப்பட்டது இங்கேதான். 22-10-1873 அன்று சன்மார்க்கக் கொடி ஏற்றிப் பேருபதேசம் செய்ததும் இங்கேதான். உள்ளிருந்த விளக்கை வெளியே வைத்து, தடைபடாமல் ஆராதிக்கச் சொன்னார். 30-1-1874 இரவு அங்குள்ள திருவறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார், அதாவது கதவை மூடிக்கொண்டார். சாதாரண நாட்களில் மூடிய திருவறையின் முன் நின்று வணங்கலாம். திருவறை தரிசனம் தைப்பூசம் கழிந்த இரண்டாம் நாளில். பெருமான் பயன்படுத்திய பொருட்கள் அடங்கிய பெட்டி அன்று காலை வடலூரிலிருந்து பல்லக்கில் புறப்பட்டு, கருங்குழி வழியாக இங்கே வரும். பல்லக்குடன் நடந்து வர விரும்புவோர் தைப்பூசத்தன்றே ஊர் திரும்பாமல் வடலூரில் தங்க வேண்டும். கூட்டம் அதிகம் என்பதால் அறைக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள்.