மண்டபம் ஒலிப்பதிவு நாட்குறிப்பு: ராப்பும் சோல் குரலும் ஒரே பாட்டில்

மே 6
மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். விடியற்கால இன்ஜின் சத்தம் இல்லை. ஆனால் பகல் முழுக்கப் படகு மராமத்து: கிரைண்டர், சுத்தியல். அதனால் பீட் (தாளப் பின்னணி) வேலை பகலில், குரல் இரவு 9 மணிக்கு மேல்.

முதலில் கேட்க வேண்டியது அமெரிக்க ராப்பர் மெத்தட் மேனும், சோல் (கறுப்பின அமெரிக்கரின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை) பாடகி மேரி ஜே. பிளைஜும் 1995-ல் சேர்ந்து தந்த 'ஐ வில் பி தேர் ஃபார் யூ / யூ ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை'. அமெரிக்கப் பாட்டு வரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் 3-ம் இடம், 1996-ல் கிராமி. பல்லவி பழையது: ஆஷ்ஃபோர்டும் சிம்ப்சனும் எழுதி, 1968-ல் மார்வின் கேயும் டாமி டெரலும் பாடியது. அவள் பல்லவியில் கொடுக்கும் வாக்குக்கு அவன் சரணத்தில் பதில் சொல்கிறான். ஜோடிப்பாட்டின் உயிர் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ராப்பை முடித்துவிட்டு, யாரோ பாடிய பல்லவியை ஒட்டவைத்தால் அது ஜோடிப்பாட்டு ஆகாது.

மே 7
வேகம் நிமிடத்துக்கு 90 அடி (தாளத் தட்டு). நான்கு அடி சேர்ந்த ஒரு பார் 2.67 விநாடி, 8 பார் பல்லவி 21 விநாடி, 16 பார் ராப் 43 விநாடி. சுருதியைப் பாடகிக்குத்தான் வைக்க வேண்டும். எங்கள் பாடகியின் குரலுக்கு 5 கட்டை. ராப்பர் எந்தச் சுருதியிலும் பேசிவிடுவார்.

மே 10
இன்று முழுக்க வரிகள். 90 வேகத்தில் ஒரு பாருக்குள் 16 சின்ன இடம். அத்தனையையும் அசையால் நிரப்பினால் மூச்சு வாங்க வழியில்லை. மூன்றாவது பாரிலேயே குரல் பின்தங்கும். இரண்டு பாருக்கு ஒருமுறை கடைசி மூன்று இடத்தைக் காலியாக விடுங்கள். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினால் அரை பார் போய்விடும், 'போறேன்' போதும்.

வரிக்கு வரி 'ஏன்', 'ஆன்' என்று முடிக்கும் இயைபு சுலபம், சீக்கிரம் சலித்தும்விடும். எதுகையை பாரின் முதல் தட்டில், கிக் டிரம் விழும் இடத்தில் வைத்தால் காது உடனே பிடிக்கும். தமிழ் ராப்பில் இதை இன்னும் பலர் கையாளாமல் இருப்பது வருத்தம்.

அடிக்கடி கெடும் இடம் ஒன்று உண்டு. பல்லவியின் கடைசிச் சொல்லில் பாடகி பிருகா (வேகமான சுர உருட்டல்) போட்டு இழுப்பார். அது அடுத்த பாரில் ராப்பின் முதல் வரிமேல் விழும். இரண்டுமே புரியாது. இழுவையை 8-வது பாரின் மூன்றாம் தட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் சுரத்தை நேராகப் பிடித்து, வரி முடிவில் மட்டும் வளைத்தால் சோல் சாயல் வரும். ஒவ்வொரு சுரத்தையும் அசைத்தால் கச்சேரியாகிவிடும்.

பல்லவியின் இடைவெளியில் ராப்பர் சின்னச் சொல் போடலாம். மீனவர்களின் அம்பாப் பாட்டில் ஒருவர் அடி எடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்வதுபோல, வரி முடிந்த பிறகுதான்.

மே 13
உப்புக்காற்று. கண்டென்சர் மைக்கில் (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் ஸ்டுடியோ மைக்) ஈரம் ஏறினால் பொரிவதுபோல் சத்தம் வரும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தால் ஊசிகளில் பச்சை பூத்திருக்கும்; கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் கரகரப்பு போகும். காற்று மோசமான நாளில் ராப்புக்கு மேடையில் பிடிக்கும் டைனமிக் மைக் போதும்.

'ப' போன்ற எழுத்தின் காற்றடியைத் தடுக்கும் பாப் ஃபில்டர் மைக்கிலிருந்து 10 செ.மீ. தள்ளி. லெவல் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டக் கூடாது. கத்திரி வெயில், ஆனாலும் சத்தம் பதியாமல் இருக்க மின்விசிறியும் நிற்க வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் இடையே கதவைத் திறந்துவிடுங்கள்.

மே 16
மிக்ஸ். ராப்புக்கு 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, கம்ப்ரஷன் (உரத்த இடங்களை அடக்குவது) 4-க்கு 1. பாடகிக்கு 120-க்குக் கீழே, 3-க்கு 1. அட்டாக் (அது அடக்கத் தொடங்கும் வேகம்) மெதுவாக, இல்லையென்றால் குரலின் எழுச்சி செத்துவிடும். பாடகிக்கு எக்கோ 500 மில்லிவிநாடி, ராப்புக்கு எதுவும் வேண்டாம். இருவரும் சேரும் இடத்தில் ராப்பில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் குறைத்தால் அவள் சொல் தெளியும்.

5 கட்டைக்குப் பேஸ் 49 ஹெர்ட்ஸில் நிற்கிறது. போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. லேசாக சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைத்து மேல் ஓசைகளைச் சேர்ப்பது) கொடுத்து 98, 147-ல் ஓசை எழ வைத்தால் போனிலும் பேஸ் வந்துவிடும்.

மே 18
பழைய பாட்டின் மெட்டைப் பல்லவியாக எடுப்பவர்களுக்கு: நீங்களே பாடிப் பதிந்தாலும் மெட்டுக்கும் வரிக்கும் அனுமதி வேண்டும், பழைய ஒலிப்பதிவையே வெட்டி வைத்தால் அதற்குத் தனி அனுமதி. ஐந்து ஆண்டு கடந்த பாட்டைத் திரும்பப் பாட பதிப்புரிமைச் சட்டம் 31சி வழி தருகிறது. நடுவில் ராப் செருகி மாற்ற அது போதாது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வரும்வரை அதே சுருதியில், அதே 8 பாரில், சொந்த மெட்டில் ஒரு பல்லவியையும் பதிந்து வையுங்கள். ராப்பைத் திரும்பத் தொட வேண்டியிருக்காது.