விளக்கு எரிந்தது, பேஸ் வரவில்லை

கார் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன சப்வூஃபர், அதாவது பேஸ் என்கிற தாழ்ந்த சத்தத்துக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர், வைக்க ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். மூன்று வாரம் ஆனது. கையில் வேலை இருந்தது ஒன்றரை நாள்தான். மற்ற நாளெல்லாம் நல்லாயிருந்த பெட்டியைக் கெட்டுப்போன பெட்டி என்று நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

காரோடு வந்த ஸ்பீக்கர்கள் மோசமில்லை. குரல் தெளிவாகக் கேட்கும், வயலின் நன்றாக இருக்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் விழும் அடி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல வரும். கதவுக்குள் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கரால் 40, 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சத்தத்தில் நகர்த்த முடிகிற காற்று கொஞ்சம்தான். வால்யூமைக் கூட்டினால் பேஸ் கூடுவதற்குப் பதில் கதவு பிளாஸ்டிக் கிர்ரென்று அதிரும்.

டிக்கியில் பெரிய பெட்டி வைத்தால் சாமான் வைக்க இடம் இருக்காது. அதனால் சீட்டுக்கு அடியில் போகிற ரகம்: எட்டு அங்குல ஸ்பீக்கரும் அதை ஓட்டும் ஆம்ப்பும் ஒரே தட்டையான அலுமினியப் பெட்டிக்குள், உயரம் ஏழெட்டு சென்டிமீட்டர். வாங்குவதற்கு முன் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அதே அளவில் அட்டையில் ஒரு பெட்டி செய்து சீட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளினேன், ஒருவரை உட்காரவைத்துப் பார்த்தேன். பின் சீட்டுக்கு ஏசி காற்று கொண்டுபோகும் குழாய் ஒன்று அங்கே ஓடுவது அப்போதுதான் தெரிந்தது. முதலில் மனதில் வைத்திருந்த மாடல் அதில் இடித்திருக்கும். டிரைவர் சீட்டைத் தொடவே இல்லை. அங்கே எது கழன்றாலும் பெடல் பக்கம் உருண்டு வரும்.

வாட் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. சில பெட்டிகளின் மேல் அறுநூறு, ஆயிரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்தாலும் பெட்டி இழுக்க முடிகிற மொத்த மின்சாரமே 210 வாட். அதிலும் ஒரு பகுதி சூடாகப் போகும். அந்தப் பெட்டி தொடர்ந்து ஆயிரம் வாட் எங்கிருந்து தரும்? நான் ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர், என்ன என்பதை மட்டும் பார்த்து வாங்கினேன். காருக்குள் அது தாராளம். மூடிய சின்ன இடத்தில் தாழ்ந்த சத்தம் தானாகவே தூக்கிக்கொடுக்கும், வீட்டு ஹாலில் வேண்டிய அளவு பவர் இங்கே வேண்டாம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அதில் கை வைக்கக் கூடாது. சீட்டைக் கழற்றாமல் பின்னுக்குத் தள்ளிவிட்டே முழு வேலையும் முடித்ததால் எனக்கு அந்தத் தலைவலி வரவில்லை.

பேட்டரியிலிருந்து பவர் வயர் இழுப்பதுதான் இடுப்பை ஒடித்த வேலை. இன்ஜின் பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் இரும்புச் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. காரின் சொந்த வயர்க்கட்டு நுழையும் இடத்தில் பெரிய ரப்பர் மூடி இருக்கும், அதன் ஓரத்தில் சின்னதாகக் கீறி நுழைக்கலாம். சொல்வது சுலபம். டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்வி, கம்பியில் கட்டிய வயர் எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது என்று தேடியே ஒன்றரை மணி நேரம் போனது. வந்த பிறகு, கதவு ஓரத்து பிளாஸ்டிக் பட்டையின் கிளிப்புகளை நெம்பி அதன் அடியில் வயரைப் படுக்கவைத்தது பத்து நிமிட வேலை.

பவர் வயரின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதிகம் போனால் 45 சென்டிமீட்டருக்குள். சப்வூஃபருக்குப் பக்கத்தில் வைத்தால்தானே அதைக் காப்பாற்றும் என்று நானும் நினைத்திருந்தேன். இந்த ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. வழியில் எங்காவது வயர் உரசித் தோல் கிழிந்து காரின் இரும்பைத் தொட்டால், பேட்டரி தன் முழு பலத்தோடு அதில் பாயும். ஃபியூஸ் அந்த இடத்துக்கு முன்னால் இல்லையென்றால் வயர் அடுப்புக் கம்பி மாதிரி பழுத்துவிடும்.

எர்த் விஷயத்தில், அதாவது மின்சாரம் காரின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப மாட்டும் வயரில், சோம்பேறித்தனம் செய்தேன். தரையில் இருந்த ஒரு போல்ட்டில் பெயின்டைச் சுரண்டாமல் அப்படியே மாட்டிவிட்டேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சப்வூஃபரிலிருந்து சன்னமாக ஒரு 'உய்ங்', மிதிக்க மிதிக்க ஏறும். ஆல்டர்னேட்டரின் இரைச்சல் மோசமான எர்த் வழியாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்த பிறகு இறுக்கினேன். சத்தம் போய்விட்டது. சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை மட்டும் இதற்குத் தொடாதீர்கள். அதன் இறுக்கம் உயிர் சம்பந்தப்பட்டது.

அடுத்தது சிக்னல். மூன்று வாரத்தைத் தின்றது இதுதான்.

காரோடு வந்த ஹெட் யூனிட்டின் (டேஷ்போர்டில் இருக்கும் மியூசிக் சிஸ்டம்) பின்னால், ஆம்ப்புக்குச் சிக்னல் கொடுக்கும் ஆர்சிஏ வெளியீடு கிடையாது. அதனால் பின் ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயர்களிலிருந்தே கிளை எடுத்து, ஸ்பீக்கர் வயரின் சிக்னலை நேரடியாக வாங்கிக்கொள்ளும் சப்வூஃபரின் ஹை லெவல் இன்புட்டில் கொடுத்தேன். இடது பக்கம் இரண்டு வயர், வலது பக்கம் இரண்டு வயர். ஆம்ப்பை ஆன் செய்யச் சொல்லும் ரிமோட் வயரும் தனியாக வேண்டியிருக்கவில்லை. ஹெட் யூனிட் ஓடும்போது ஸ்பீக்கர் வயர்களில் ஏறத்தாழ 6 வோல்ட் நிற்கும், அதை வைத்துச் சப்வூஃபர் தானாக விழித்துக்கொள்ளும். பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினேன். பெட்டியில் நீல விளக்கு எரிந்தது. ஆஹா என்று பாட்டைப் போட்டேன்.

ஒன்றுமில்லை. பழைய கதவு ஸ்பீக்கர் சத்தம் அப்படியே இருந்தது, அதற்கு மேல் ஒரு துளி கூட வரவில்லை.

கெயினைக் கூட்டினேன். எந்த அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை மட்டும் விடுவது என்று வைக்கும் லோ பாஸை 50-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை திருப்பினேன். பேஸ் பூஸ்ட்டை முழுக்க வைத்தேன். ஸ்பீக்கர் தள்ளும் திசையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ஸ்விட்சை 0-விலிருந்து 180-க்கு மாற்றினேன். எதற்கும் அசையவில்லை. பெட்டியின் மேல் கை வைத்தால் எங்கோ தூரத்தில் லாரி போவது போல லேசான அதிர்வு, அதுவும் சில பாட்டுகளில் மட்டும். ஃபியூஸ் நன்றாக இருந்தது. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டியது. கூட்டத்தின் நடுவில் பதிவுசெய்த ஒரு கச்சேரியைப் போட்டபோது திடீரென்று உள்ளே ஏதோ உறுமியது, பிறகு அடங்கியது. ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய பழைய பாட்டுகளைப் போட்டாலோ பெட்டி பிணம் மாதிரி கிடந்தது. பழைய பாட்டில் பேஸே குறைவு, அதனால்தான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விடை அதற்குள்ளேயே இருந்தது.

இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். ஆம்ப் போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன். விற்றவர்களுக்குக் கொஞ்சம் காரமாக ஒரு மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன் ஆதாரத்துக்கு ஒரு வீடியோ எடுக்கலாம் என்று ஃபோனில் 50 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டேன். முழு நிசப்தம். ஒரு முனகல் கூட இல்லை. ஆம்ப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஹெட் யூனிட்டில் கைக்கு வந்த பட்டனையெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தேன். பேலன்ஸ் இடது பக்கம் போனது.

சீட் அதிர்ந்தது. கப் ஹோல்டரில் கிடந்த சாவி குதித்தது.

பேலன்ஸை நடுவுக்குக் கொண்டுவந்தேன். நிசப்தம். வலது ஓரத்துக்குத் தள்ளினேன். மறுபடி இடி. நடுவில் நிசப்தம். நாலைந்து தடவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டீரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். சப்வூஃபரில் இருப்பது ஒரே ஒரு ஸ்பீக்கர். அது இடது, வலது இரண்டு சிக்னலையும் உள்ளே கூட்டி ஒன்றாக்கிக்கொள்கிறது. பாட்டுகளில் பேஸ் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில்தான் இருக்கும். நான் ஒரு பக்கம் பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றிக் கொடுத்திருந்தேன். ஒரு பக்கம் ஸ்பீக்கரின் கோனை (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) முன்னால் தள்ளச் சொல்கிறது, மறு பக்கம் அதே நேரத்தில், அதே அளவுக்குப் பின்னால் இழுக்கச் சொல்கிறது. கூட்டினால் பூஜ்யம். பழைய பாட்டில் இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்று, அதனால் எல்லாமே அடிபட்டுப் போனது. கச்சேரிப் பதிவில் இரு பக்கமும் கொஞ்சம் வித்தியாசமாக இருந்ததால், அந்த வித்தியாசம் மட்டும் உறுமியது. ஃபேஸ் ஸ்விட்சும் அன்றைக்கே சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் காது கேட்கவில்லை. ஒழுங்காக ஓடும் சப்வூஃபரில் அதை மாற்றினால் நன்றாகவோ மோசமாகவோ ஏதாவது மாறியே தீரும். எதுவுமே மாறவில்லையென்றால் சத்தமே வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

காரணம், ஸ்பீக்கர் வயர் ஜோடியில் கோடு போட்ட வயர். இடது பக்கம் கோடு இருந்தது மைனஸ் என்று சரிபார்த்திருந்தேன். வலது பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று பார்க்காமலே மாட்டிவிட்டேன். அங்கே தலைகீழ். ஹெட் யூனிட் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஒன்றரை வோல்ட் செல்லை வயர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். செல்லின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே தள்ளும், மாறிப் பட்டால் உள்ளே போகும். கதவு டிரிம்மைக் கழற்றித்தான் இதைப் பார்க்க முடிந்தது. உண்மையில் இவ்வளவு கூட வேண்டாம். ஏதோ ஒரு பக்கத்து ஜோடியை மாற்றிப் போட்டாலே கேன்சல் ஆவது நின்றுவிடும். தவறான பக்கத்தை மாற்றியிருந்தால் இரண்டும் சேர்ந்து தலைகீழாகும், அதை ஃபேஸ் ஸ்விட்ச் சரிசெய்துவிடும். இருந்தாலும் இரண்டு வாரம் ஊகத்தை நம்பி ஏமாந்தவனுக்குக் கண்ணால் பார்த்தால்தான் தூக்கம் வரும். வயரை மாற்ற ஆன நேரம் ஐந்து நிமிடம். மெயிலை அழிக்க ஒரு நொடி.

அதற்குப் பிறகு செட்டிங். லோ பாஸ் 80 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அதற்கு மேலே விட்டால் ஆண் குரலின் அடிப்பகுதி சீட்டுக்கு அடியிலிருந்து வருவது போலத் தோன்றுகிறது. 80-க்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் பேஸும் டேஷ்போர்டிலிருந்தே வருவது போல இருக்கும். ஃபேஸ் என் காரில் 180-ல்தான் நிறைவாக இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒருவரை ஸ்விட்சை மாற்றச் சொல்லிக் கேட்டுத்தான் முடிவு செய்தேன். குனிந்துகொண்டே நீங்களே மாற்றினால் காது இருக்கும் இடம் மாறிவிடும், ஒப்பிடவே முடியாது.

கெயின் என்பது வால்யூம் இல்லை. ஹெட் யூனிட் கொடுக்கும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துகிற திருகு அது. ஹெட் யூனிட்டை முக்கால் வால்யூமில் வைத்து, சப்வூஃபர் கரகரக்கும் வரை ஏற்றி, அங்கிருந்து நன்றாக இறக்கி விட்டேன். பேஸ் பூஸ்ட் பூஜ்யத்தில். பின் ஸ்பீக்கரிலிருந்து கிளை எடுத்ததால் முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடரை முன்னால் தள்ளினால் சப்வூஃபரும் சேர்ந்து அடங்கிவிடுகிறது. இதை மறந்துபோய் ஒரு நாள் மறுபடியும் வயர்களைக் கழற்றப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, என் ஹெட் யூனிட் வால்யூம் ஏற ஏறத் தானாகவே பேஸைக் குறைக்கிறது, கதவு ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்க. அதனால் அதிக சத்தத்தில் சப்வூஃபர் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது. நான் அவ்வளவு சத்தம் வைப்பதில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

பேஸ் வந்த பிறகு கார் முழுக்க எது எது தளர்ந்திருக்கிறது என்று தெரிய ஆரம்பித்தது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப் ஒட்டினேன். டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்த சில்லறையை அள்ளினேன். கதவு டிரிம்மின் ஒரு கிளிப் உடைந்திருந்தது, அநேகமாக நான் கழற்றும்போதுதான் உடைந்திருக்கும். ஒன்று மட்டும் பாக்கி: கண்ணாடிக்கு மேலே இருக்கும் கூலிங் கிளாஸ் பெட்டி, பேஸ் கிதார் அடி மட்டத்துக்கு இறங்கும்போது மட்டும் ஈ மாதிரி ரீங்காரம் போடுகிறது. அதற்குள் ஒரு துண்டுத் துணி வைக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், காரை விட்டு இறங்கியதும் மறந்துபோகிறது.