திருப்பூர் பனியனுக்கு துபாய்ல ஒரு குடோன் வேணும்

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரின்னதும் திருப்பூரே ஆடிப்போச்சு. ஒரே நாட்டை நம்பி இருந்தா என்ன ஆகும்னு அப்பத்தான் பல பேருக்கு உறைச்சுது. பெரிய கம்பெனிங்க எப்படியாவது சமாளிச்சுக்குவாங்க, கொஞ்சம் மெஷின் போட்டு ஓட்டற சின்ன யூனிட்டுக்கு என்ன வழி? என்னைக் கேட்டா துபாய்ங்க.

துபாய்ல இருக்கறவங்க எத்தனை பனியன் போட்றப் போறாங்கன்னு உடனே கேப்பாங்க. அங்க வாங்க வர்றவங்கள்ல பாதிப்பேரு துபாய்க்காரங்களே இல்லைங்க. டேரா பக்கம் நைஃப்ல ஹோல்சேல் கடைங்க முன்னாடி நின்னு பாத்தா தெரியும், நைஜீரியா கென்யா எத்தியோப்பியால இருந்தெல்லாம் வியாபாரிங்க வருவாங்க, கழுத்து ரிப்பை இழுத்து விட்டு திரும்ப சுருங்குதான்னு பாப்பாங்க, பீஸை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு துணி கனம் பாப்பாங்க, புடிச்சிருந்தா இதுல ரெண்டு கார்ட்டன் அதுல ஒரு கார்ட்டன்னு அங்கயே காசு குடுத்து கார்கோல போட்டுட்டு கெளம்பிருவாங்க. இவங்க நமக்கு எல்சி (பணத்துக்கு பேங்க் குடுக்கற உத்தரவாதம்) ஓப்பன் பண்ணிட்டு, நூல் வாங்கி நிட்டிங் டையிங் எல்லாம் முடிஞ்சு தூத்துக்குடில கப்பல் ஏறற வரைக்கும் மாசக்கணக்குல காத்திருப்பாங்களா? சரக்கு கண்ணு முன்னாடி இருக்கணும், அவ்வளவுதான்.

சைனாக்காரங்க இதை எப்பவோ புரிஞ்சுக்கிட்டாங்க. 2004லயே அங்க டிராகன் மார்ட் வந்துருச்சு, கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு முழுக்க அவங்க சரக்கு. அதே மாதிரி நம்ம நாட்டு சரக்குக்குன்னு பாரத் மார்ட்டுக்கு அடிக்கல் நாட்டுனதே 2024 பிப்ரவரிலதான், ஜெபல் அலி ஃப்ரீ ஸோன்ல. லேட்டுதான், ஆனா இடம் அருமையான இடம், துறைமுகம் பக்கத்துலயே.

ஃப்ரீ ஸோன்ல என்ன வசதின்னா, கன்டெய்னர் இறங்கி குடோன்ல இருக்கற வரைக்கும் கஸ்டம்ஸ் வரி கட்ட வேண்டியதில்லை. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கு போயிட்டா அமீரகத்துக்கு வரியே கிடையாது. உள்ளூர் மார்க்கெட்டுக்கு போனா வழக்கமா 5 சதவீதம், அதுவும் 2022 மே 1ல இருந்து இந்தியா-அமீரகம் வர்த்தக ஒப்பந்தம் (சீபா) நடைமுறைக்கு வந்ததால, சரக்கு இந்தியாவுல செஞ்சதுன்னு காட்டற சர்ட்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் ஒழுங்கா வச்சிருந்தா நம்ம ரெடிமேடுக்கு ஜீரோ.

செலவு இல்லாம இல்லைங்க. குடோன் வாடகை, ஒரு ஆள் சம்பளம், சரக்குல பணம் முடங்கறது, எல்லாம் இருக்கு. அதனால ஃபேஷன் ஸ்டைலை கொண்டு போய் அடுக்கக் கூடாது, ரவுண்ட் நெக், உள்ளாடை, குழந்தைங்க செட்டுன்னு எப்பவும் ஓடற ஐட்டம் மட்டும் போதும். தனியா ஒருத்தர் தாங்க முடியாதுன்னா அஞ்சாறு யூனிட் சேந்து எடுக்கலாம், ஒருத்தர் பனியன் இன்னொருத்தர் கிட்ஸ்வேர்னு போட்டா வாங்க வர்றவருக்கும் ஒரே இடத்துல முடிஞ்சிரும். ஆனா விக்காம நிக்கற சைஸு யார் கணக்குல போகும், கடன் குடுத்தா யார் பொறுப்புன்னு முதல் கன்டெய்னர் ஏத்தறதுக்கு முன்னாடியே எழுதிக்கோங்க, நம்ம ஊர்ல பார்ட்னர்ஷிப் உடையறதே பெரும்பாலும் இந்த ரெண்டுலதான்.