மூன்றிலிருந்து இரண்டுக்கு: கியர் இறக்கிப் பழகிய ஆறு வாரங்கள்

பல ஆண்டுகளாகக் கார் ஓட்டியும், மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போதெல்லாம் வண்டி ஒருமுறை குலுங்குவதும், பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் தலை முன்னே சாய்ந்து நிமிர்வதும் என் ஓட்டத்தில் மாறாமலே இருந்தன. அதைத் திருத்திக்கொள்ள ஆறு வாரங்களாகச் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் இரண்டு வாரங்கள் வீணாயின. குலுக்கலுக்கு இடது கால்தான் காரணம் என்று எண்ணி, கிளட்சை மிக மெதுவாக விட்டுப் பழகினேன். குலுக்கல் குறைந்தது, ஆனால், நீண்ட இறக்கம் ஒன்றில் திரும்பத் திரும்ப அப்படிச் செய்தபோது கருகிய வாடை வந்தது. எஞ்சினைச் சுழற்றி வேகமேற்றும் வேலையைக் கிளட்ச் தட்டு தன் உராய்வால் செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

கணக்கு எளியது. என் வண்டியில் மூன்றாவது கியரின் விகிதம் (கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டு ஒருமுறை சுழல எஞ்சின் சுழலும் சுற்றுகள்) ஏறத்தாழ 1.3, இரண்டாவதின் விகிதம் 1.9. மூன்றாவதில் 2000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 2000 சுற்றுகளில்) ஓடும் எஞ்சின், வண்டியின் வேகம் மாறாமல் இரண்டாவதுக்கு வந்தால் ஏறத்தாழ 2900-இல் சுழல வேண்டும். நானோ கிளட்சை மிதித்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவதால், அது 1500-ஐ நோக்கி இறங்கிவிடுகிறது. அந்த 1400 சுற்று இடைவெளிதான் குலுக்கலாக வந்திருக்கிறது.

ஆகவே மூன்றாம் வாரம் முதல் வலது காலைப் பழக்கினேன். கிளட்ச் முழுவதும் மிதிபட்டிருக்கும்போதே கியரை மாற்றி, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சின் ஓசை எழுந்து தணிவதற்குள் கிளட்சை விட வேண்டும். பிழை எந்தப் பக்கம் என்பதை ஆர்.பி.எம். முள்ளே காட்டிக்கொடுத்தது: கிளட்ச் பிடிக்கும் கணத்தில் முள் மேலே துள்ளினால் தட்டியது போதவில்லை, கீழே விழுந்தால் மிகுதி. நான் தட்டியது பெரும்பாலும் போதாமலே இருந்தது. எஞ்சின் உறுமுவதைக் கேட்கக் கூச்சப்பட்டேன் என்பதே உண்மை. பிறகு முள்ளைப் பார்ப்பதை விட்டு ஓசையை மட்டும் கேட்கத் தொடங்கியதும், கண் சாலையிலேயே நின்றது, கையும் காலும் தாமாக ஒத்துவந்தன.

இரட்டைக் கிளட்ச் முறையையும், அதாவது நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு ஆக்சிலரேட்டரைத் தட்டி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரை இறக்குவதையும், சில நாள் முயன்றேன். கியர்களின் சுழற்சி வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோனைசர் நல்ல நிலையில் உள்ள கியர்பாக்ஸுக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

பிரேக்கை மிதித்தபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டும் முறை இன்னும் கைவரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பயின்றது பிழை. இரண்டு மூன்று மிதிகளில், காலின் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருந்த வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடுகிறது, ஓடும் வண்டியில் அது அப்படி இருப்பதில்லை. மேலும், மெல்ல பிரேக் பிடிக்கையில் பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரைவிட உயரத்தில் நிற்பதால், பாதம் சாய்ந்தாலும் எட்டுவதில்லை. எட்ட முயன்றால் பிரேக் கூடுதலாக அழுந்திவிடுகிறது. எனவே இப்போதைக்கு முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, அதை விட்ட பிறகே கியரை இறக்குகிறேன்.