எட்டு மாதம் நின்ற பில் பணம்

கோவை கணபதியில் மூன்று லேத், கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு சிஎன்சி மெஷின் வைத்து பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். தொழில் வளர லோன் எடுங்கள் என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொன்னார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது செய்த வேலைக்குக் கூலி. 2024 ஏப்ரலில் ஒரு கம்பெனிக்குப் போட்ட பில்கள், மொத்தம் 6 லட்சத்து 40 ஆயிரம், டிசம்பர் வரை வரவில்லை. அதற்கான ஜிஎஸ்டியை மே மாதமே கட்டிவிட்டோம். சம்பளத்தை பேங்க் ஓவர்டிராஃப்ட் (ஓடி) கணக்கில் எடுத்துக் கொடுத்து அதற்கும் வட்டி. கேட்டால், "அடுத்த வாரம் பார்க்கலாங்க."

ஆடிட்டர்தான் வழி காட்டினார். 2006-ம் ஆண்டு சிறு, குறு தொழில் சட்டப்படி பணம் தர அதிகபட்சம் 45 நாள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அன்றைய விகிதம் 6.75, ஆக 20.25 சதவீதம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவு எங்களிடம் முன்பே இருந்தது.

ஆர்டர் போய்விடுமே என்று அண்ணன் இரண்டு நாள் தூங்கவில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான். அப்புறம் இப்படி நின்ற பணத்துக்குப் புகார் வாங்கும் அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் போட உட்கார்ந்தோம். சரக்கோடு அனுப்பிய பதினொரு டெலிவரி சலானில் மூன்றில் சரக்கு வாங்கியவர் கையெழுத்து இல்லை. டெம்போக்காரர் இறக்கிவிட்டு அப்படியே வந்திருக்கிறார். திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் அந்தக் கம்பெனி வாட்ச்மேன் பென்சிலில் எழுதிய கேட் என்ட்ரி நம்பர், தேதியோடு! அதையும் ஸ்கேன் செய்து ஏற்றினோம்.

அந்தப் புகாரை விசாரிக்கும் கவுன்சிலில் இரண்டாவது அமர்விலேயே பேசி முடிந்தது. மார்ச் 31-க்குள் தராவிட்டால் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக அவர்கள் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது; வருமான வரிச் சட்டத்தின் அன்றைய 43பி(எச்) பிரிவு அப்படி. அதுவும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். அசல் முழுவதும் வந்தது, வட்டியில் பாதியை விட்டுக்கொடுத்தோம். விட்டிருக்கக் கூடாது என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கம்பெனி ஆர்டர் ஆறு மாதம் வரவில்லை. அந்த நேரத்தை வேறு இரண்டு பேர் வேலை நிரப்பியது. ஓடியை அடைத்தோம், கம்பியை ரொக்கத்துக்கு வாங்குகிறோம். இப்போது பில்லிலேயே உதயம் எண்ணும் 45 நாள் கெடு பற்றிய ஒரு வாசகமும் அச்சடித்திருக்கிறது. சலானில் கையெழுத்தும் சீலும் வாங்காமல் டெம்போ திரும்புவதில்லை.